சோலைமந்தியும் வைகைத் தண்ணீரும்: கடற்கரை வாசகர்களின் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சோலைமந்தியைப் பற்றி, அதாவது சிங்கவால் குரங்கைப் பற்றி, சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அருகிவரும் அந்தக் குரங்கு காட்டு மரங்களின் விதையைப் பரப்புகிறது, அதன் காடுதான் வைகைக்கு நீர்பிடிப்பு என்று அதில் சொல்லியிருந்தோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் பக்கம் மலையும் கிடையாது, மழைக்காடும் கிடையாது. சீமைக்கருவேலமும் உப்புக்காற்றும்தான். எங்கோ மரத்து உச்சியில் இருக்கும் குரங்குக்கும் வைகைத் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? குரங்கு மழையைக் கொண்டுவருமா? (தேவிபட்டினம் வாசகர்)

கொண்டுவராது. தொடர்பு மழையில் இல்லை, பெய்த மழை எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது.

வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. மேகமலைப் பக்கத்து ஓடைகள் சுருளியாறாகி அதில் சேர்கின்றன. பெரியாற்றுத் தண்ணீரும் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து வைகையில் கலக்கிறது. எல்லாம் 1959-இல் கட்டி முடித்த வைகை அணையில் நின்று, மதுரை தாண்டி, பார்த்திபனூர் மதகணைக்கு வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை முகத்துவாரத்தில் கடலைப் பார்க்கும். மேகமலைக் காட்டிலும் சரி, பெரியாற்றுக் காட்டிலும் சரி, சோலைமந்தி உண்டு. மேகமலையும் திருவில்லிபுத்தூர் மலையும் சேர்ந்து 2021-இல் புலிகள் காப்பகம் ஆயின. வைகையின் முக்கிய நீர்பிடிப்பு அதற்குள்தான் வருகிறது.

பசுமைமாறாக் காட்டின் தரையில் இலைச்சருகு மெத்தையாகக் கிடக்கும். அதன் கீழே வேர்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். மழைத் துளி முதலில் இலையில் பட்டு, கிளையில் வழிந்து, சருகில் இறங்கி, மண்ணுக்குள் போகிறது. அது ஊற்றாக வெளியே வர வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும். காட்டை வெட்டிய சரிவில் அதே மழை அன்றைக்கே செம்மண்ணோடு ஓடிவிடும். பிறகு ஓடை வறண்டுபோகும், அடித்து வந்த மண் அணையில் படியும். கோடையில் கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும் என்றால் முதல் வகைக் காடு வேண்டும்.

அந்தக் காட்டின் மரங்கள் செத்தால், அந்த இடத்தில் அடுத்த மரம் முளைக்க வேண்டும். சோலைமந்தியின் வேலை அங்கேதான். அது ஒன்றுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று சொல்லமாட்டோம். இருவாச்சி, மரநாய், வௌவால், புறா எல்லாமே செய்கின்றன. ஆனால் பெரிய பழத்தைப் பிளந்து, கன்னத்தில் அடக்கி, உச்சிக் கிளை வழியாகவே தூக்கிக்கொண்டு போகக்கூடிய விலங்குகள் சிலதான். அந்தச் சிலவற்றில் ஒன்று குறைந்தாலும் ஐம்பது ஆண்டு கழித்துக் காட்டில் தெரியும், நாளைக்குத் தெரியாது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை.

ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் திரிகிற குரங்கும் இதுவும் ஒன்றா? (தங்கச்சிமடம் வாசகி)

இல்லை. உங்கள் ஊரில் பார்ப்பது நாட்டுக்குரங்கு. பழுப்பு நிறம், தலையில் நடுவகிடு எடுத்தது போன்ற மயிர், உடம்பளவு நீண்ட வால். சோலைமந்தி பளபளக்கும் கறுப்பு. முகத்தைச் சுற்றி வெள்ளி நரையில் பிடரிமயிர், குட்டை வால், வால் நுனியில் சிறு குஞ்சம். ஆண் 5 முதல் 10 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடச் சிறியது. பிறந்த குட்டிக்குப் பிடரி இருக்காது, சில மாதம் போனபின்தான் வளரும்.

மலைக்குப் போனால் குழப்பம் வருவது நாட்டுக்குரங்கோடு அல்ல, கருமந்தியோடு. கருமந்தியும் கறுப்புதான். ஆனால் தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு, வால் மிக நீளம், நுனியில் குஞ்சம் இல்லை. வாலைப் பாருங்கள், அது ஒன்றே போதும்.

ஒன்று கூடுதலாகச் சொல்லவேண்டும். நாட்டுக்குரங்கு எங்கும் இருக்கிறது என்று நினைக்கிறோம். அதையும் இப்போது உலக அளவில் அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். கோயில் வாசலில் பொட்டலம் போடுவதால் அது பிழைக்காது. சாலையில் அடிபடும், ஆளைக் கடிக்கப் பழகும், கடைசியில் பிடித்துக் கொண்டுபோய் எங்கேனும் விடப்படும்.

விதையைப் பரப்புகிறது என்றால் எப்படி? தின்றால் விதை அழிந்துதானே போகும்? (ராமநாதபுரம், பள்ளி ஆசிரியை)

நல்ல சந்தேகம். பாதி நேரம் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. எந்தப் பழம் என்பதைப் பொறுத்தது.

அத்தி வகைகளில் விதை பொடிசு. பழத்தோடு விழுங்கிவிடும், எச்சத்தில் முழுதாக வெளியே வரும். நாவல் இனத்துப் பழங்களில் விதை பெரியது. அவசரமாகப் பறித்துக் கன்னப் பையில் திணித்துக்கொண்டு, வேறு கிளையில் போய் உட்கார்ந்து, சதையைத் தின்றுவிட்டு விதையைத் துப்பும். இந்தக் கன்னப் பைதான் இதில் முக்கியம். கருமந்திக்கு அது கிடையாது. இலையைச் செரிக்கிற வயிறு அதற்கு, பல விதைகளையும் மென்று அரைத்துவிடும்.

வெடிப்பலா வேறு கதை. மேற்குமலைச் சோலைகளில் இந்த மரம் நிறைய. முள் உருண்டை போலக் காய் கிளையோடு ஒட்டிக் குலையாக இருக்கும். உள்ளே சுளைச் சதை கிடையாது, விதைதான் தீனி. காய் முற்றும் முன்பே முள்ளைப் பொருட்படுத்தாமல் பிளந்து விதையைத் தின்கிறது சோலைமந்தி. இங்கே அது விதையை அழிப்பதுதான். கை தவறிக் கீழே விழுவதில்தான் மரத்துக்குக் கொஞ்சம் லாபம். ஆனாலும் இந்த மரம் இல்லாமல் சோலைமந்தி பிழைப்பது கடினம். வேறு பழம் குறைவாக இருக்கிற வறண்ட மாதங்களில் வெடிப்பலா பூக்கிறது. இதழ் இல்லாத, சதைப்பற்றான, தேன் ஊறிய பூ. அந்த நேரத்தில் குரங்கு, மலையணில், வௌவால், மரநாய் எல்லாம் அந்த மரத்தில்தான்.

தாய்மரத்துக்கு அடியிலேயே விழுந்தால் என்ன கெடுதல் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே இன விதை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கிடந்தால் துளைக்கும் வண்டும், எலியும், பூஞ்சணமும் அங்கேயே குவியும். தப்பி முளைத்தாலும் தாயின் நிழலில் வெளிச்சம் போதாது. சில பத்து மீட்டர் தள்ளி விழுந்த விதைக்கு இந்தத் தொல்லை குறைவு. குரங்குக்கூட்டம் நாள் முழுக்க நகர்ந்துகொண்டே தின்பதால் அந்தத் தூரம் தானாகக் கிடைத்துவிடுகிறது.

பழம் மட்டும் தின்னும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். நாளில் கணிசமான நேரம் பட்டையை உரிப்பதிலும், காய்ந்த இலைச் சுருளைப் பிரிப்பதிலும் போகும். பூச்சி, சிலந்தி, நத்தை, மரத்தவளை, பறவை முட்டை எதையும் விடாது. கம்பளிப்பூச்சி கிடைத்தால் இலையில் வைத்து உருட்டித் தேய்த்து, சுணை போனபிறகு தின்பதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை எவ்வளவு? குரங்கு என்றால் மளமளவென்று பெருகிவிடுமே, ஏன் குறைகிறது? (மண்டபம், மீனவர்)

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து மொத்தம் 4,000-ஐ ஒட்டியதாகவும், அதில் வளர்ந்தவை 2,500-க்கும் குறைவு என்றும் மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆனைமலை, மேகமலை, களக்காடு-முண்டந்துறை ஆகியவை முக்கிய இடங்கள். களக்காட்டுச் சரணாலயம் 1976-இல் இந்தக் குரங்குக்காகவே அறிவிக்கப்பட்டது.

உங்களுக்கு ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைத் தெரியும். வலையில் சிக்கினால் பல ஊர்களில் அறுத்து விட்டுவிடுகிறீர்கள், அதற்கு நன்றி. ஒரு குட்டி போட்டு அடுத்த குட்டிக்குப் பல ஆண்டு எடுக்கும் விலங்கு அது. ஆண்டுக்கு இரண்டு மூன்று செத்தாலும் ஈடுகட்ட முடியாது. சோலைமந்தியின் கணக்கும் அப்படித்தான். காட்டில் ஒரு பெண்குரங்கு முதல் குட்டி ஈனும்போதே சுமார் 6 வயது ஆகிவிடும். கர்ப்பம் ஐந்தரை மாதம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. அடுத்ததற்கு இரண்டரை ஆண்டு, சிலவற்றுக்கு மூன்று. நாட்டுக்குரங்கு ஏறக்குறைய ஆண்டுதோறும் ஈனும். அதை வைத்து இதை அளக்கக்கூடாது.

காடு துண்டானது இரண்டாவது காரணம், அதுவே பெரிய காரணம். தேயிலை, காபி, ஏலம், அணை, சாலை என்று நூற்றைம்பது ஆண்டாக நடந்த வேலையில் சோலை தீவு தீவாகிவிட்டது. ஒரு கூட்டத்தில் 10 முதல் 20 வரை இருக்கும், பெரும்பாலும் வளர்ந்த ஆண் ஒன்றுதான். இளம் ஆண்கள் பிரிந்து வேறு கூட்டத்தைத் தேடிப் போகவேண்டும். மரம் விட்டு மரம் போய்ப் பழகியது, தேயிலைச் செடி மேல் அரைக் கிலோமீட்டர் எப்படிப் போகும்? போகாவிட்டால் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம். போனால் நாய், வண்டி, மின்கம்பி.

கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டதற்கும், மறு ஆண்டே அது தேசியப் பூங்கா ஆனதற்கும் இந்தக் குரங்கு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கள் நின்றால் நடக்கிறது.

வால்பாறையில் குரங்குக்குப் பாலம் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்களிடம் பழைய வலைக்கயிறு நிறைய இருக்கிறது. கொடுத்தால் பயன்படுத்துவார்களா? (பாம்பன், விசைப்படகுத் தொழிலாளி)

மனம் பெரிது. ஆனால் உங்கள் கயிறு அதற்குச் சரிவராது. காரணத்தைச் சொல்கிறோம்.

நைலான் கயிறு வெயிலில் நைந்துபோவது உங்களுக்கே தெரியும். கடலில் ஓராண்டு கிடந்த கயிறு மேலே பார்க்க உருப்படியாக இருந்தாலும் உள்நூல் பொடியும். 8 கிலோ ஆண்குரங்கு தாவி இறங்கும்போது அறுந்தால் கீழே தார்ச்சாலை. இன்னொன்று, மெல்லிய ஒற்றைக் கயிறு ஆடும், உருளும். குட்டியை வயிற்றில் சுமந்த பெண்குரங்கு அதில் கால்வைக்கவே வைக்காது.

வால்பாறைப் பக்கம் வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் பழைய தீயணைப்புக் குழாயைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கித்தானும் ரப்பரும் சேர்ந்த அந்தக் குழாய் அகலமானது, மழையில் அழுகாது, காலுக்குப் பிடிப்பும் உண்டு.

பொருளைவிட இடம் முக்கியம். நமக்கு வசதியான இடத்தில் கட்டினால் எந்தக் குரங்கும் ஏறாது. கூட்டம் ஏற்கெனவே எங்கே சாலையைக் கடக்கிறது என்று மாதக்கணக்கில் குறித்து, அங்கே இரண்டு பக்கமும் வலுவான மரம் இருந்தால் கட்டலாம். உயரம் பேருந்தின் கூரைக்கும் கரும்பு லாரியின் பாரத்துக்கும் மேலே இருக்கவேண்டும். மின்கம்பி பக்கத்தில் கூடவே கூடாது. பாலத்தை விறைப்பாக இழுத்துக் கட்டினால் காற்றில் மரம் ஆடும்போது அது அறும், அல்லது கிளை முறியும். அதனால் கொஞ்சம் தொய்வு விடவேண்டும். மரத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினால், மரம் பருக்கப் பருக்கப் பட்டையில் புதைந்து அந்த மரமே பட்டுப்போகும். அகலப் பட்டை வைத்து, இடம் விட்டுக் கட்டி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அவிழ்த்துப் பார்க்கவேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பாலம், இல்லாத பாலத்தைவிட ஆபத்து.

கட்டிய உடனே குரங்கு ஏறவில்லை என்று சோர்ந்துபோவார்கள். பழக நாளாகும். இளசுகள்தான் பெரும்பாலும் முதலில் துணியும். பாலத்துக்கு இருபுறமும் அத்தி, பலா நட்டு, கிளைகள் சாலைக்கு மேலே தொட்டுக்கொள்ளும்படி வளர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. பாலம் அதுவரைக்கும்தான்.

எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருவர் கருங்குரங்கு லேகியம் என்று ஆஸ்துமாவுக்கு விற்கிறார். வாங்கலாமா? (தொண்டி, பெயர் வேண்டாம் என்கிற வாசகி)

வாங்காதீர்கள், அம்மா. அதில் உண்மையிலேயே குரங்கு இருந்தால் அது கருமந்தியைக் கொன்று செய்தது. கருமந்தியும் சோலைமந்தியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கொன்றாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான். குரங்கு இல்லையென்றால் அது வெல்லப்பாகும் ஏமாற்றும்.

எந்த வழியிலும் மூச்சிரைப்பைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சு மருந்துதான் (இன்ஹேலர்) முறையான வழி. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். விற்பவரைப் பற்றி மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லலாம், உங்கள் பெயர் வெளியே வரவேண்டியதில்லை.

மாணவர்கள் 5,000 விதைப்பந்து செய்திருக்கிறார்கள். மேகமலையில் வீசலாமா? (ஏர்வாடி, பசுமைப் படை ஆசிரியர்)

வேண்டாம். நாட்டு வேம்பு, புங்கன் விதையைச் சோலையில் போடுவது காட்டுக்கு உதவி ஆகாது. சோலை மரங்களின் விதையையே கொண்டுவந்தாலும் பந்து உதவாது. அந்த விதைகள் பெரும்பாலும் உலர்ந்தால் செத்துப்போகும் வகை. பழுத்த சில வாரத்துக்குள் ஈரத்திலும் நிழலிலும் முளைத்தாகவேண்டும். களிமண்ணில் உருட்டி வெயிலில் காயவைப்பது அதைக் கொல்கிற வேலை. மழைக்காட்டை மீட்பவர்கள் அதனால்தான் நாற்றங்கால் வைத்து, நிழல்வலைக்குள் ஓராண்டுக்கு மேல் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடுகிறார்கள். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம் என்பது தனி.

அதே உழைப்பை உங்கள் கண்மாய்க் கரையில் போடுங்கள். பனைக்குப் பந்து தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தை எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அரை அடி ஆழத்தில், 10 அடி இடைவெளியில் புதையுங்கள். கரையின் உச்சியில் வேண்டாம், வெளிச்சரிவில் நடுங்கள், கரை உடைந்தால் மராமத்துக்கு வழி வேண்டும். முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், மேலே இலை தெரிய மாதங்கள் ஆகும். வரவில்லை என்று தோண்டிப் பார்ப்பதில்தான் பாதி விதை வீணாகிறது. கிழங்குக்காகத் தோண்டுவதையும் ஊரில் பேசி நிறுத்தவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளோடு வால்பாறை போகிறோம். சோலைமந்தியைப் பார்க்க முடியுமா? என்ன கவனிக்கவேண்டும்? (கீழக்கரை வாசகர்)

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. வால்பாறை நெருங்கும்போது புதுத்தோட்டம் வரும். சாலையோரத்திலேயே பார்க்கிற வாய்ப்பு அங்கே அதிகம். காலை 7 மணிக்கு மேல் 10-க்குள் நல்ல நேரம்.

ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒரு குரங்கு கடந்துவிட்டால் வண்டியை எடுத்துவிடக்கூடாது. கூட்டம் நீளமாக வரும், குட்டி சுமந்தவையும் சின்னவையும் பெரும்பாலும் பின்னால் வரும். அடிபடுவது அவைதான். 20, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம், ஹாரன் வேண்டாம், வளைவில் நிறுத்த வேண்டாம்.

பிஸ்கட், முறுக்கு, வாழைப்பழம் எதுவும் கூடாது. இரக்கத்தோடுதான் கொடுக்கிறார்கள், தெரியும். ஆனால் தீனிக்காகத் தரைக்கு இறங்கப் பழகிய கூட்டம் சாலையைவிட்டுப் போகாது. நம் சளியும் வயிற்றுக் கிருமியும் அவற்றுக்குத் தொற்றும். சமையலறைக்குள் நுழையத் தொடங்கினால் தோட்டத்து மக்களுக்கும் பகை. கூரையிலும் குப்பைத் தொட்டியிலும் வளர்கிற குட்டிக்கு எந்த மரம் எப்போது காய்க்கும் என்பது தெரியாமலே போகும். அப்புறம் அது விதையைக் காட்டுக்குள் கொண்டுபோவது எங்கே?

10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகவேண்டாம். பல்லைக் காட்டிச் சிரித்தபடி கண்ணைப் பார்த்தால் மிரட்டுகிறோம் என்று எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். 8×40 தொலைநோக்கி ஒன்று இருந்தால் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் போனால் அட்டைக்கடி நிச்சயம், முழங்கால் வரை அட்டைக் காலுறை வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வசதியில்லை. வேறு எங்கே பார்க்கலாம்? (திருப்புல்லாணி, எட்டாம் வகுப்பு மாணவி)

சென்னைக்குப் போகிற வாய்ப்பு வந்தால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பார்க்கலாம். அங்கே இந்தக் குரங்கின் இனப்பெருக்கத்துக்கென்று தனி ஏற்பாடும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போகாதே.